இரண்டு பேருக்கு ஒரு பாலிசி

– இந்தத் தடவையாவது ஞாபகம் வந்துச்சே, பரவாயில்ல.

– அக்கா, டிராவல்ஸ் ஆபீஸுக்கு வந்தும் ஆரம்பிக்காத. அந்தப் பொண்ணு நம்மளயே பாக்குது.

– பாக்கட்டும். ஏம்மா, நீ பாட்டுக்கு டைப் பண்ணு. இவ என் தங்கச்சி. மூணு வருஷம் முன்னாடி, எங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு என்னையும் என் வீட்டுக்காரரையும் வெளிநாடு சுத்திப் பாக்க அனுப்பி வச்சவ. டிக்கெட் போட்டா, ஓட்டல் போட்டா, ஜன்னலோர சீட்டுகூட பாத்துப் பாத்து வாங்கினா. இன்சூரன்ஸ் மட்டும் மறந்துட்டா.

– சார் வரலையா மேடம்?

– போன இடத்துலயே போய்ச் சேந்துட்டார்மா.

– ஐயோ... ஸாரி மேடம். மூணு பிளான் இருக்கு. முதல்ல இருக்கறது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும். அடுத்ததுல பெட்டி தொலைஞ்சாலும் தருவாங்க. கடைசி பிளான்ல, உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊருக்குத் திருப்பிக் கொண்டு வர்றதும் அடங்கும்.

– கொண்டு வர்றதுன்னா? பொணத்தயா? அவரக் கொண்டு வர பதினோரு நாள் ஆச்சு.

– அந்தக் கடைசி பிளானே போடும்மா. எனக்கு வயசு அம்பத்தெட்டு, அக்காவுக்கு அறுபத்திரெண்டு.

– ஆமா, இப்போ அள்ளி வீசுவா. செத்தவருக்கும் சேத்துப் போடச் சொல்லு.

– எனக்கென்ன உன்கூட வரணும்னு ஆசையா? உன் பொண்ணு, "சித்தி, நீயும் போனாத்தான் அம்மாவ அனுப்புவேன்"னு அழுதா. அதுக்காகத் தலையாட்டினேன்.

– வாயில கொழுக்கட்டையா? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.

– அக்காவுக்குச் சர்க்கரை இருக்கும்மா. அதையும் எழுதிக்க.

– எழுதாத. எனக்கு ஒண்ணும் இல்ல.

– காலைல ஊசி போட்டுக்கிட்டது யாரு, நானா? மறைச்சா நாளைக்கு ஒண்ணும் தர மாட்டாங்க. எழுதும்மா நீ.

– பாத்தியாம்மா கரிசனத்த! பாஷை தெரியாத ஊரு, ஆஸ்பத்திரி வராந்தா. இன்சூரன்ஸ் நம்பர் கேட்டாங்க, இல்லைன்னேன். அவர ஸ்ட்ரெச்சரோட ஓரமாத் தள்ளி வச்சுட்டாங்க. ஆறு மணி நேரம்.

– எத்தன தடவதான் சொல்லுவ? கல்யாண வீடு, சாவு வீடு, ஒரு இடம் பாக்கி வைக்கல. என் மருமக முன்னாடியே சொன்ன. நான் வாயத் தொறந்திருக்கேனா? போட்டேன்னுதான் நினைச்சேன். போடாம விட்டிருக்கேன். பாழாப்போன புத்தி. இன்னும் என்ன பண்ணணும் நான்?

– ஒண்ணும் பண்ண வேண்டாம். போற எடத்துல என்கூடப் பேசாம இரு.

– மேடம், ஒரு நிமிஷம். அக்காவோட பாஸ்போர்ட் நம்பர் அடிச்சதும் பழைய புக்கிங் வருது. போன தடவையும் எங்ககிட்டதானா?

– ஆமாம்மா. வீட்டுல கம்ப்யூட்டர்லயே, உங்க வெப்சைட்ல நான்தான் போட்டேன்.

– அதுல இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களே மேடம். ரெண்டு பேருக்குமே.

– என்னது? நல்லாப் பாரும்மா!

– எடுத்திருக்கீங்க. மறுநாள் போன் வந்திருக்கு, இன்சூரன்ஸ் மட்டும் வேண்டாம், கேன்சல் பண்ணிடுங்கன்னு. கூப்பிட்ட நம்பர்கூட இருக்கு. நாப்பத்தேழுன்னு முடியுது.

– அக்கா... அது உன் நம்பர்.

– கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்.

– என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

– குண்டுக்கல்லாட்டம் இருந்தாருடி மனுஷன். நீ அனுப்பின பில்லுல பாத்ததும், அவருக்கு எதுக்கு தண்டமா ஒரு செலவுன்னு நினைச்சேன்.

– அப்போ இந்த மூணு வருஷமா என்னைய...?

– உன்னத் திட்டுற அன்னிக்கு மட்டும்தான்டி எனக்குத் தூக்கம் வந்துச்சு.