முக்கால் மில்லிமீட்டர்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. கோவளத்திலிருந்து வரும் பைபாஸில், திருவல்லம் பாலத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய இத்தாலிய கார் ஒன்று எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, குறுக்காகத் திரும்பி நின்றது. பின்னால் விழிஞ்ஞம் பக்கமிருந்து வந்த கண்டெய்னர் லாரி.

அந்த நேரத்தில் நான் கரமனையில், என் ஒர்க் ஷாப்புக்கு எதிர்க் கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடலை நன்றாக வெந்திருந்தது.

சுதீஷ் சார், நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

என் பெயர் கோமதிநாயகம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தொரு வருடமாக இங்கே பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். காரின் சொந்தக்காரர் உமாசங்கர், ஸ்ரீவராகத்தில் பல் டாக்டர். போன மே மாதம் எஞ்சினை என்னிடம்தான் கொடுத்தார்.

அந்த எஞ்சினின் தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட் உண்டு. ஒன்று, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும். மற்றது, புகை வெளியேறும் வால்வுகளை. நீளமும் தடிமனும் ஒன்றுதான். முனையில் குத்தியிருக்கும் எழுத்தை வைத்துத்தான் எது எதுவென்று சொல்வோம். இந்தக் காரில் முன்பு யாரோ முனையை அரத்தால் தேய்த்து வைத்திருந்தார்கள். அளந்து பார்த்திருக்கலாம். நான் கண்ணால் பார்த்து முடிவு செய்தேன். இரண்டும் இடம் மாறிப்போயின. அதை நான் மறுக்கவில்லை.

வண்டி இழுக்கவில்லை என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் தனியாக வந்து சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் சங்குமுகம் கடற்கரையில் பழைய கார்க்காரர்கள் கூடிய அன்று, இருபது பேர் சுற்றி நிற்க, மூடியைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். தேய்ந்த எழுத்தில் மிச்சமிருந்த அரைக் கோட்டை எல்லோருக்கும் காட்டினார்.

"அண்ணாச்சி, ரெண்டையும் மாத்தி இட்டிருக்கீங்களே. பல்லு புடுங்குறவனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல்ல. பேசாம நாளைக்கு என் க்ளினிக்குக்கு வாங்க, கண்ணும் சேர்த்துப் பார்த்து விடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு என்னை எங்கே பார்த்தாலும் "கண்ணு எப்படி இருக்கு அண்ணாச்சி" என்று கேட்பவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

கூலி வாங்காமல் சரி செய்து தருகிறேன் என்று வண்டியை எடுத்து வந்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் அளந்தேன். எந்த ஷாஃப்ட் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிறது என்று டயல் வைத்துப் பார்த்து, இரண்டையும் பிரித்தறிந்தேன். பிறகு குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வாங்கிவந்து பிஸ்டனின் தலையில் ஒட்டினேன். மேல்பாகத்தைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றினால் வால்வு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று களிமண்ணில் பதிந்திருக்கும். பிளேடால் வெட்டி அந்தக் கனத்தை அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வந்தது. சரியான அளவு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

உள் வால்வு ஷாஃப்டின் பல்சக்கரத்தைத் தளர்த்தி, சில டிகிரி முன்னால் தள்ளினேன். புதுக் களிமண் வைத்து அளந்தேன். இடைவெளி நான் நினைத்த அளவு குறையவில்லை. இன்னும் தள்ளினேன். மூன்றாவது தடவை முக்கால் மில்லிமீட்டர் கிடைத்தது. கையால் சுற்றினால் முட்டாது. ஊருக்குள் ஓட்டினால் முட்டாது. சொல்லப்போனால், குறைந்த வேகத்தில் வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

டாக்டர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் அந்த பைபாஸில் வண்டியை விரட்டுவார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் லாரி ஓடும் என்பதும் தெரியும். எஞ்சின் உடைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைப்பது என் வேலையில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மகள் நீதுவோடு வந்தார். பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம். கரமனைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, இப்படி ஒருநாளும் இழுத்ததில்லை என்றார். நாளைக்கு இவள்தான் ஓட்டப்போகிறாள் என்றும் சொன்னார்.

அந்தப் பல்சக்கரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எனக்கு அரைமணி நேரம் ஆகும். இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கிறது, விட்டுப் போங்கள் என்று சொன்னால் போதும்.

டாக்டர் போன் பேசத் தள்ளிப் போனபோது அந்தப் பெண் கேட்டாள்.

"அங்கிளே, எவ்வளவு ஆர்பிஎம் வரை போலாம்? நான் ஓட்டினா நாலாயிரத்துக்கு மேல வேண்டாங்கறார் அப்பா. அப்பாவுக்குப் பேடி, என்னை நினைச்சு பயம்."

"ஆறாயிரம் வரைக்கும் போலாம் மக்களே. எஞ்சின் அதுக்குத்தான இருக்கு."

அவள் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நல்ல பெண். போகும்போது கையாட்டினாள்.

நீது அந்த இடத்திலேயே இறந்தாள். டாக்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சாந்திகவாடம் சுடுகாட்டுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகுதான் அவர் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்: இந்த மெக்கானிக் ஏற்கெனவே ஒரு தடவை ஷாஃப்ட்டுகளை மாற்றிப் போட்டவர், மறுபடியும் அதையே செய்திருப்பார் என்று. எஞ்சின் நொறுங்கிக் கிடந்ததால் நீங்களும் அதை அப்படியே எழுதிவிட்டீர்கள். மெக்கானிக்கின் கவனக்குறைவு. பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. எதிர்க் கடையில் அதைச் சத்தமாக வாசித்தார்கள்.

இந்த டப்பாவில் மூன்று களிமண் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதியும் அளவும் எழுதியிருக்கிறேன். கடைசித் துண்டு முக்கால் மில்லிமீட்டர். வேண்டுமானால் உங்கள் ஆளை வைத்து அளந்து பாருங்கள். கொலை என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

அந்த ஷாஃப்ட் இரண்டும் அதனதன் இடத்தில்தான் இருந்தன.