ஸ்டூலில் பம்ப் இல்லாத படம்

போனில் படம் சேர்வது, குசினிக் கதவுக்குப் பின்னால் ஷொப்பிங் பேக் சேர்வது மாதிரிதான், இன்ஸ்பெக்டர் மிஸ். எதற்கென்று தெரியாது, வீசவும் மனம் வராது. அதனால்தான் நான் டயரி எழுதத் தொடங்கினேன். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மாத்தளை டவுனில் பிரிண்ட் போட்டு ஒட்டி, அன்று யார் என்ன சொன்னார்கள், மனதுக்கு எப்படி இருந்தது என்று கீழே எழுதுவேன். பொய் எழுதுவதில்லை, எழுதியதை வெட்டுவதும் இல்லை. அதுதான் என் ஒழுங்கு.

பக்கங்களைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டாரில் இருக்கும் அம்றா சாச்சி அழுதழுது குரல் பதிவு அனுப்பினார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? ஆனால் சமைத்து, உடுப்புத் துவைத்து, பிறகு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. ஆகவே காலையிலேயே எழுதிவைத்துவிட்டு, அதன்படி நாளை நடத்தப் பழகினேன். என் மதினி, கணவரின் சகோதரி றிப்னா, கலேவெலைக்குத் திரும்பிய நாளில், பஸ் ஸ்டேண்டில் இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக முன்பே எழுதியிருந்தேன். அவருக்கு அழுகை வரவில்லை. நானும் பிடியை விடவில்லை. பஸ் போன பிறகு அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. படமும் நன்றாக வந்தது.

என் மாமா, கணவர் ஹுஸ்னியின் வாப்பா ஸஹாப்தீன் ஹாஜியார், வாழ்நாள் முழுக்க மிளகும் கறுவாவும் வாங்கி விற்றவர். அவருக்கு மூச்சிழுப்பு. கட்டிலருகே ஸ்டூலில் மருந்து பம்ப் எப்போதும் இருக்க வேண்டும். இழுப்பு வந்தால் அதை வாயில் வைத்து அடித்தால்தான் மூச்சு திரும்பும். போன மழைக்காலத்தில் நிலைமை மோசமாகி, எல்லோரும் சுற்றியிருந்து யாசீன் ஓதினோம்.

எங்கள் வீட்டில் இறந்தவரின் மையத்தைப் படமெடுக்க விடமாட்டார்கள். மாமாவே அதில் மகா கண்டிப்பு. ஆகவே அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சம், வெள்ளைப் போர்வை, ஸ்டூலில் தஸ்பீஹ் மணி, ஒரு கிளாஸ் தண்ணீர். நீலநிறப் பம்ப் மட்டும் கண்ணை உறுத்தியது. அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். எடுத்ததும் திருப்பி வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றே பக்கத்தையும் எழுதி முடித்தேன். மாமா நாவில் கலிமாவோடு அமைதியாகப் போனார், ஜனாஸா அடக்கத்துக்கு எழும்பும்போது மழை தூறியது என்று. நான் எழுதியதில் அதுதான் ஆகத் திறமானது. எழுதிவிட்டு நானே அழுதேன்.

மாமா எழும்பிவிட்டார். இடியப்பம் கேட்டார். ஹுஸ்னி சந்தோஷத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பழம் பங்கிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பக்கம் இருக்கிறதே. மாமா தேறத் தேற, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாகிக்கொண்டு வந்தது. நான் மிகவும் பொறுத்துத்தான் பார்த்தேன்.

பிறகு கலேவெலையில் ஒரு கல்யாணம். எல்லோரும் போனார்கள், மாமாவைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாமா கண்ணயர்ந்தார். படத்தில் இருந்த அதே ஜன்னல் வெளிச்சம். ஸ்டூலைப் பார்த்தேன். படத்தில் பம்ப் இல்லை. எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"மகள், பம்ப் எங்க? இங்கதானே வெச்சிருந்தேன்."

கலிமாவோடு போனார் என்று எழுதியிருக்கும்போது, பம்ப்பைப் பற்றிப் பேசினால் நான் என்ன செய்வது? எழும்பிக் கதவடிக்குப் போனேன்.

"மகள், கதவ மூட வாணாம்."

மூடினேன். குசினிக்குப் போய்ப் பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். காதில் விழாததை எழுத முடியாதுதானே. எனக்குக் கேட்டவரைக்கும் மாமா அமைதியாகத்தான் போனார்.

மையத்தைக் குளிப்பாட்ட ஆட்கள் வருமுன்பே பக்கத்தைக் குரூப்பில் போட்டது என் அவசரம். றிப்னா மதினி எல்லோர் முன்னாலும் போனை நீட்டினார். "வாப்பா இன்னும் வீட்டுலதான் இருக்காரு. ஜனாஸா எழும்பக்குள்ள மழை தூறினதா எழுதியிருக்கீங்க. எந்த மழை?" வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பிறகு வீடெல்லாம் தேடி, அலுமாரிக்கு மேலிருந்து பம்ப்பை எடுத்ததும் அவர்தான். மழை என் கையில் இல்லை, மிஸ். அந்த ஒரு வரி பொய்யாகிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு இன்னும் கவலை.

என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று ஹுஸ்னி சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பார். நீங்கள் தந்த தாளில் நாளைய பக்கத்தை எழுதிவைத்துவிட்டேன். அவர் வருகிறார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பாட காலம் முடிஞ்சிச்சி ஜஸ்லா, அதுக்கு நீங்க என்ன செய்ய ஏலும்" என்கிறார்.

நான் பொய் எழுதுவதில்லை, மிஸ்.