இடது பின்சக்கரத்தைத் தொட்டவர்கள்

உதவி ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். சில எழுத்து யானை மாதிரியும் சில எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும். முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பொறுமையாகப் படித்தால் எல்லாம் புரியும்.

என்னைக் காத்து மாமா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கார்ப் பந்தய அணியில் டயருக்குக் காற்று நிரப்புகிறவன், அதனால் வந்த பெயர். வயது அறுபத்தொன்பது. பந்தயத் திடலுக்குப் பின்தெருவில், சலவைக்கடை மாடியில், மகள் மருமகனோடு குடியிருக்கிறேன். இப்போது லாக்கப்பில் இருக்கும் மெக்கானிக்தான் என் மருமகன்.

நேற்று நான் வாயால் சொன்னதை எழுத்தர் எழுதி, கீழே பெருவிரலை வைக்கச் சொன்னார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பந்தயத்துக்கு முன் காரின் பக்கத்தில் என் மருமகன் ஒருவரே இருந்ததாக அதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதைச் சொன்னதும் எழுத்தர், "அப்ப நாளைக்கு வந்து நீங்களே எழுதிக்குங்க பெரியவரே, எனக்குக் கை வலிக்குது" என்றார். வேண்டுமென்றே எழுதினாரா, அசதியில் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது.

எங்கள் அணி ஒரு காலத்தில் யாரையும் முன்னே விட்டதில்லை. இரண்டாவதாக வந்தாலே, கார் நிற்கும் எங்கள் கொட்டகை துக்க வீடு மாதிரி இருக்கும். அதன் பிறகு எங்கள் பெரிய இன்ஜினியர் எதிர் அணிக்குப் போனார். அடுத்த வருடம் அவர்கள் கார் எங்கள் காரின் கூடப்பிறந்தது போல வந்து நின்றது. அன்றிலிருந்து எங்கள் முதலாளிக்கு எல்லார் மேலும் சந்தேகம். வேலை நடக்கும் இடத்தில் திரை போட்டார். உள்ளே வருகிறவர் போனை வாசலில் வாளியில் போட வேண்டும். ஜெயித்த கோப்பைகள் இருந்த அலமாரியைக்கூடப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் ஒருவர் நட்டை இறுக்கிவிட்டு "முடிஞ்சுது" என்றால் முடிந்தது, வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். சந்தேகம் வந்த பிறகு ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் தளர்த்திப் பார்த்துத் திரும்ப இறுக்கினார். சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் இன்னொரு மெக்கானிக், "உங்க மருமகன் இறுக்குனதை நான் நம்பலை, நான் இறுக்குனதை அவன் நம்பலை, கார் மட்டும் எங்களை நம்பி ஓடணுமாம்" என்பார். போன மாதம் அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போதெல்லாம் பந்தயத்தில் எங்கள் காருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்தான் வரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. மருமகன் வேலி ஓரம் நின்று எதிர் அணி ஆள் ஒருவரோடு பேசுவதைப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது கேட்டேன். "என்கூடப் படிச்சவன் மாமா. அவன் பொண்டாட்டிக்குப் பிரசவ நாள் நெருங்குதாம், அதைச் சொன்னான்" என்றார். நான் நம்பவில்லை. என் மகள், "அப்பா, நீங்க கொட்டகையை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிரசவத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பாதி நம்பிக்கைதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பந்தயத்தன்று காலை இடது பின்சக்கரத்தை மருமகன் மாட்டினார். அந்தச் சக்கரத்தை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். அளவு பார்த்து இறுக்கும் நீள ஸ்பேனரால் அவர் இறுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அளவு சரியானதும் அது டக்கென்று கொடுத்த சத்தத்தையும் கேட்டேன். அதன் பிறகு முதலாளி அவரை, பந்தய நடுவில் ஊற்ற வேண்டிய பெட்ரோலை எடுத்துவர அனுப்பினார். நான் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்று டயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது காரை ஓட்டும் தம்பி, அதாவது முதலாளியின் மகன், திரையை விலக்கிக்கொண்டு தனியாக வந்தார். கையில் சிவப்பு நாடா சுற்றிய அவருடைய சொந்த ஸ்பேனர் இருந்தது. அதை இடது பின்சக்கர நட்டில் போட்டு இரண்டு கையாலும் அழுத்தித் தளர்த்தினார். அதற்குள் முதலாளி வெளியிலிருந்து, "டிவிக்காரங்க வந்துட்டாங்க, சீக்கிரம் வாடா" என்று கூப்பிட்டார். தம்பி ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு என்னைக் காற்றுக் குழாய் கொண்டுவரச் சொன்னார்கள், நானும் போனேன். நான் இல்லாத நேரத்தில் அவர் திரும்பி வந்து இறுக்கினாரா என்று எனக்குத் தெரியாது.

தம்பி ஹெல்மெட்டோடு ஏற வந்தபோது, "தம்பி, பின்னாடி நட்டை இறுக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டேன்.

"என்ன மாமா, நீங்களும் என்னை வேவு பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. எங்கள் கொட்டகையில் கேள்வி கேட்டாலே குற்றம் சாட்டியது போலத்தான். நட்டில் நான் கை வைக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. மருமகனிடம் சொல்லலாம் என்று வாசலைப் பார்த்தேன், அவர் வந்து சேருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. முதல் வளைவிலேயே சக்கரம் கழன்று தனியாக உருண்டது, கார் சுவரில் மோதியது, தம்பிக்குக் கால் முறிந்தது.

எல்லாரும் திடலுக்கு ஓடினார்கள். எனக்கு முழங்கால் வலி, ஓட முடியாது, டயர்களோடு நின்றேன். முதலாளி மட்டும், தன் மகனிடம் போகாமல் முதலில் கொட்டகைக்கு வந்தார். கார் நின்றிருந்த இடத்தில், இடது பின்பக்கம், குனிந்தார். வெளியே போகும்போது அவர் கோட்டு ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது. சிவப்பு நாடா ஸ்பேனரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் எடுத்ததை நான் பார்க்கவில்லை, குனிந்ததைத்தான் பார்த்தேன். அன்று மாலையே, எதிர் அணியோடு சேர்ந்து என் மருமகன் நட்டைத் தளர்த்திவிட்டார் என்று முதலாளி உங்களிடம் புகார் கொடுத்தார்.

இன்று இங்கே வருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். முதலாளி சாப்பிட வெளியே போயிருந்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான் திரும்ப இறுக்குனேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரலை. அப்பாகிட்ட சொன்னேன், வாயைத் திறந்தா பாருன்னுட்டாரு" என்றார்.

"அங்க ஒருத்தன் உள்ள கிடக்கிறானே தம்பி" என்றேன்.

"யாராச்சும் வந்து கேட்டா சொல்லிடுவேன் மாமா. நானா கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்றார்.

வலிக்குக் கொடுத்த மருந்து பேசுகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் கையைப் பிடித்த பிடி மருந்துப் பிடி இல்லை, விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஐயா யாரையாவது அனுப்பித் தம்பியிடம் கேட்க வேண்டும். முதலாளி மதியம் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அனுப்ப வேண்டும். போகிறவர் எழுத்தராக இருக்க வேண்டாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குக் கை வலி.

இதில் பார்த்தேன் என்று எழுதியதெல்லாம் என் கண்ணால் பார்த்தது, சந்தேகம் என்று எழுதியது சந்தேகம் மட்டும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, எழுதியதை நானே ஒரு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். மருமகனை விடவில்லை என்றால் அடுத்த வாரம் இதே கிழமை வந்து மறுபடியும் எழுதுவேன். நல்ல பேனாதான், ஆனாலும் எழுதாமல் வீட்டில் இருக்கவே விரும்புகிறேன்.

இப்படிக்கு,
காத்து மாமா