எதிரில் ஒரு முகம்

காலடிப்பேட்டை தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் அரை மணி நேரமாக நின்றிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கிய இளையவள் சொன்னாள்:

“இன்னிக்கு நாலு கிளாஸ்ல உக்காந்தேன்க்கா. படிக்க இல்ல, மூஞ்சியக் காட்ட.”

“இன்னாடி சொல்ற? புரொபசருங்களுக்குப் பாடத்த வீடியோ எடுத்துக் குடுக்கத்தான உன்ன வேலைக்கு வச்சாங்க?”

“ஆமா. ஆனா வெறும் கேமராவப் பாத்தா அவங்களுக்குப் பேச்சே வரல. எதிர்ல ஒரு ஆளாவது வேணுமாம். ஒரு சார் வரிக்கு வரி ‘புரியுதா’ன்னு கேக்குறாரு. நான் தலையாட்டாம அடுத்த வரிக்குப் போவ மாட்றாரு.”

“ஆட்டிட்டுப் போயேன்.”

“ஆட்டிகினுதான் கீறேன். அப்பால வூட்டுக்கு வந்து அத்தினி ‘புரியுதா’வையும் நான்தான் வெட்டணும். தூக்கமே போச்சு. இன்னிக்குப் பாடம் முடிஞ்சதும் அந்த சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சுக்கா. ‘முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி விடாம தலையாட்டிக் கேட்டவங்க யாருமே இல்லம்மா. நாளைக்கும் வந்துடு’ன்றாரு.”

“நல்லதுதான?”

“தூங்கி விழுந்துகினு இருந்தேன்க்கா.”

பஸ் நகர்ந்தது. மூத்தவள் தன் வீட்டுக் கதையைத் தொடங்கினாள். இளையவளின் தலை ஆடிக்கொண்டே இருந்தது.