ஒருவருக்கு நாற்பது வினாடி

நடந்துகொண்டே பேசுகிறேன் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் சும்மா உட்கார எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

அந்தத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாக நான் வந்தபோது, உள்ளறையில் வேலை செய்கிறவர்கள் டீ, சிகரெட், போன் என்று நினைத்தபோதெல்லாம் வெளியே போய்வந்துகொண்டிருந்தார்கள். அங்கே செய்வது ராணுவத்துக்கான சிப். நகத்தளவுதான், பையில் போட்டால் தெரியாது. இருந்த ஒரே வாசலை அடைத்து உடையாத கண்ணாடிக் கூண்டு ஒன்று வைத்தேன். ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். ஒருவரைச் சோதித்து அனுப்ப நாற்பது வினாடி. வெளியே வருவதே பெரும்பாடு என்றானதும் அவரவர் இடத்தில் அடங்கி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு கூடியது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

சோதனை செய்யும் காவலாளி அம்மாதான் முணுமுணுத்தார். "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா எல்லாரும் எப்படி சார் வெளிய வருவாங்க?"

"இப்ப வர்ற மாதிரிதான்."

அபாயப் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினால் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். யாரோ இரண்டு முறை சும்மா அழுத்திவிட்டார்கள். அரைநாள் வேலை பாழ். அதன் வயரைக் கழற்றினேன். இரண்டு கதவையும் சேர்த்துத் திறக்கும் சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உள்ளே தீப்பிடித்தது. முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் என் தங்கை கணவர். கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்று இன்டர்காமில் பேசினார்.

"மச்சான், கதவைத் திறந்து விடுங்க. மூச்சு முட்டுது."

"பதறாதீங்க மாப்பிள்ளை. வரிசையில வாங்க."

காவலாளி அம்மா சாவிக்காக என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். மொத்தமாகத் திறந்துவிட்டால் எது போனது, யார் எடுத்தார்கள் என்று பிறகு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு நிமிடத்தில் பதினெட்டுப் பேரை முறையாகச் சோதித்து அனுப்பினோம். அதற்குப் பிறகு கண்ணாடியைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

சாவி என்னிடம் இருந்தது. நான்தான் திறக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை, நாளடைவில் புரிந்துகொள்வாள்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மாப்பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது சொந்தக்காரர் என்று நான் விட்டுவிடவில்லை. அவர் சட்டைப்பைகளை நானே சோதித்தேன். எதுவும் இல்லை. தங்கமான மனிதர்.