கோதையின் சாமத்தியச் சடங்கில் நடந்தது

என் பெயர் பாலாம்பிகை. வயது முப்பத்து நான்கு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம், சுன்னாகம். தற்போது லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் வசிக்கிறேன். காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று பொலிஸ் அதிகாரி சொன்னதை விளங்கிக்கொண்டேன். பேசாமல் இருந்தது போதும் என்பதால் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஆனந்தராஜா தமிழில் எழுதுகிறார்.

எனக்கும் யோகலிங்கத்துக்கும் 1981இல் சுன்னாகத்தில் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் மகள் கோதை பிறந்தாள். 1985இல் அவர் லண்டன் வந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின், இங்கத்தைய பாஸ்போட் உள்ள பவளக்கொடி என்ற மலேசியத் தமிழ்ப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தார். அது வெறும் கடதாசிக்காகத்தான், விசா கிடைத்ததும் விட்டுவிடுவேன் என்று எனக்குக் கடிதம் எழுதினார். நம்பினேன்.

1990இல் கோதையை மகள் என்று விசா எடுத்து அழைத்தார். நானும் கூட வந்து, அவருடைய தங்கச்சி என்று சொல்லி அகதி விண்ணப்பம் போட்டேன். அப்படிச் சொல்லச் சொன்னவர் அவர்.

அவருடைய வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தவர் பவளக்கொடி. "வாங்க, உங்களுக்காகத்தான் சாப்பிடாம இருக்கேன்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த நிமிடமே எனக்கு விளங்கியது. பெரிய அறை அவர்கள் இருவருக்கும், சின்ன அறை எனக்கும் கோதைக்கும். உண்மை வெளியே வந்தால் மூவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணவர் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளையிடம் என்னை மாமி என்று கூப்பிடச் சொன்னார். ஒருநாள் அவள் மறந்து அம்மா என்றதற்குக் கன்னத்தில் அடித்தார். அதன் பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு என் காதுக்குள் மட்டும் அம்மா என்பாள். நான்கு வருடம் அவர்கள் இருவரின் உடுப்புகளையும் நான்தான் தோய்த்தேன். படுக்கை விரிப்பையும் தோய்த்தேன்.

இந்த வருடம் ஏப்ரலில் கோதை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். இன்று மண்டபம் எடுத்துச் சடங்கு வைத்தார்கள். அழைப்பிதழில் பெற்றோர் யோகலிங்கம், பவளக்கொடி என்று அச்சடித்திருந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதும் ஆலாத்தி எடுப்பதும் தகப்பனின் சகோதரி செய்வது எங்கள் வழக்கம். அதை மாமியாக நின்று நான் செய்ய வேண்டும் என்று கணவர் சொன்னார். செய்தேன். அதன் பிறகு வீடியோ எடுப்பவர், அம்மாவும் அப்பாவும் மட்டும் பிள்ளையுடன் நிற்கட்டும் என்றார். கோதை என் சேலைத் தலைப்பை விடவில்லை. கணவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு என்னிடம், "அங்கால போ. மாமிக்கு இங்க அலுவல் இல்லை" என்றார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தபடியால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கையில் இருந்த ஆலாத்தித் தட்டத்தால் அவருடைய முகத்தில் இரண்டு முறை அடித்தேன். கை தவறி அடிக்கவில்லை. அதன் பிறகு சபையைப் பார்த்து, "நான் இவரின்ர தங்கச்சி இல்லை, பெஞ்சாதி. இது நான் பெத்த பிள்ளை" என்றேன்.

பவளக்கொடி அவரைப் பார்த்து, "மனைவி ஷெல் விழுந்து செத்துட்டாங்கன்னு சர்டிபிகேட் காட்டினீங்களே" என்று கேட்டார். எனக்கு மரணச் சான்றிதழ் எடுத்திருந்த விடயம் அப்போதுதான் தெரியவந்தது. 

மண்டபக்காரர் பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸ் வருவதற்கு முன், புருவத்தில் துவாயை அழுத்திக்கொண்டு கணவர் சமையலறைக்கு வந்தார். "தங்கச்சிக்கு விசர், மூளை சரியில்லை எண்டு நான் சொல்லுறன், நீ ஓமெண்டு நில். கேஸ் போடமாட்டன். உண்மையைச் சொன்னா நீயும் பிள்ளையும் கொழும்புக்குத்தான்" என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை.

இதை எழுதினால் என் விண்ணப்பம் பாதிக்கப்படலாம் என்று ஆனந்தராஜா இரண்டு முறை எச்சரித்தார். எழுதச் சொன்னேன்.

கோதை இப்போது இந்தப் பொலிஸ் நிலையத்தில் பவளக்கொடியுடன் இருக்கிறாள். என்னை உள்ளே கொண்டுவரும்போது பவளக்கொடி, "வீடு என் பேர்ல இருக்கு. நீங்க பிள்ளையோட வாங்க, அவரு இனி வரமாட்டாரு" என்றார்.

அடித்ததற்காக வருந்துகிறீர்களா என்று அதிகாரி கேட்கிறார். இல்லை. இவ்வளவு அமளியில் பிள்ளை காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதில் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை.

(ஒப்பம்) பாலாம்பிகை யோகலிங்கம்
11 ஜூன் 1994