அம்மா போட்ட இரண்டு முடிச்சு

லோரி வருகிறது.

நான் குழிக்குள் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே அப்பா வெட்டிய பதுங்குகுழி. தலைக்கு மேல் பலகை. பலகை மேல் மண். குண்டுக்குப் பயந்து வெட்டியது. இப்போது ஆள் பிடிப்பவர்களுக்குப் பயந்து இறங்குகிறோம். முழங்கால் வரை தண்ணீர். 1943, மலாக்கா, ஜப்பான்காரன் ஆட்சி. எனக்குப் பதின்மூன்று வயது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

எனக்குச் சத்தம் மட்டும்தான். லோரி புக்கிட் பாரு பக்கமிருந்து இறங்குகிறது. கியர் மாற்றும் உறுமல். காஜா பேராங் ரோட்டில் வேகம் குறைகிறது. நிற்கிறது. பூட்ஸ் சத்தம். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. சட்டென்று அடங்குகிறது.

அப்போது அம்மாவின் குரல்.

“கோவிந்தா! வராதடா! ஓடு!”

கோவிந்தன் என் தாய்மாமன். அம்மாவின் ஒரே தம்பி. மரவள்ளிக் கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததை எதிர்வீட்டு பீபிக் சொல்லித்தான் நான் அறிந்தேன். பீபிக் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். வயதான பெண்களை அங்கே பீபிக் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய தமிழ் வம்சம், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். சிப்பாய்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அம்மாவின் குரல் கேட்டுத்தான் திரும்பினார்களாம். திரும்பிய இடத்தில் மாமா.

அம்மா கத்தியிருக்காவிட்டால்? அந்தக் கேள்வியைப் பதினான்கு வருடம் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அடி விழும் சத்தம். சைக்கிள் சாயும் சத்தம். லோரி உறுமுகிறது. அதற்கும் மேலே மாமாவின் குரல், தெளிவாக.

“அக்கா! பாப்பா கழுத்துக் கயித்த அவுத்துடு! அவுத்துடு அக்கா!”

குழிக்குள் எனக்குக் கேட்கிறது. வாசலில் நின்ற அம்மாவுக்கும் கேட்டிருக்கும். பீபிக்குக்கும் கேட்டது. அவளுக்கு அர்த்தம்தான் விளங்கவில்லை.

அந்தக் கயிறு வந்த கதை இது. 1942, ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்த புதிது. கல்யாணமான பெண்களை அவன் தொடமாட்டான் என்று ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, ஊரே நம்பியது. சிறு பெண்களுக்கெல்லாம் அவசரத் தாலி ஏறியது. அப்பா ரயில் பாதையில் கூலி. குறைவாகப் பேசுகிறவர். ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்து நாமே மாட்டிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். அம்மா ஒப்பவில்லை. தாலியில் பொய்யாக விளையாடக்கூடாது, சாமி குற்றம் என்றாள். கட்டும் முறையுள்ள கைதான் கட்டவேண்டும். வெளியாள் என்றால் நாளைக்குச் சிக்கல். தாய்மாமன் என்றால் முறையும் இருக்கிறது, வீட்டோடும் இருக்கிறான். சண்டை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டும் அவருடைய அக்கா தங்கை போடவேண்டும். மாமாவுக்கு இருந்தது ஒரே அக்கா. என் அம்மா. அடுப்படியில், சாமி படத்துக்கு முன்னால், மாமா ஒன்று போட்டார். அம்மா இரண்டு போட்டாள். இறுக்கிப் போட்டாள். அந்த நிமிடத்திலிருந்து பெற்ற தாயே எனக்கு நாத்தனார்.

காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர் மாமா. அவருக்கு இது வெறும் வேடம். “என் சம்சாரத்துக்கு மூக்கு ஒழுகுது, தொடச்சி விடு அக்கா” என்பார். அப்பா சிரிப்பார். அம்மா முறைப்பாள். எப்போதும்போல அவர் வாசல் பக்கம் படுத்தார். நான் அம்மாவின் பக்கத்தில்.

மாமாவும் அப்பாவோடு அதே பாதையில்தான் வேலை செய்தார். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன பாதை. ஜப்பான்காரன் அதைப் பெயர்க்கச் சொன்னான். தண்டவாளமெல்லாம் சயாமுக்குப் போனது. பிறகு அங்கே பாதை போட ஆள் தேடினான். அப்பாவுக்கு இருமல், வேண்டாம் என்று விட்டான். மாமாவைக் கொண்டுபோனான். கயிறு என் கழுத்தில் நின்றது.

1945. ஜப்பான்காரன் போனான். அம்மா வாசலில் உட்கார ஆரம்பித்தாள். லோரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள்.

அடுத்த வருடம் செமாபோக்கிலிருந்து ஒருவர் வந்தார். சயாமிலிருந்து மீண்டவர். காலில் ஆறாத புண். முகாமில் காலரா என்றார். பாயில் சுற்றிக் கொண்டுபோய் எரித்தார்கள், அதில் உங்கள் தம்பியும் ஒருவன் என்றார்.

“மொகத்த பாத்தியா?” என்றாள் அம்மா.

“பாயில சுத்திட்டாங்க அக்கா.”

“அப்ப அது அவன் இல்ல.”

அவருக்குச் சோறு போட்டாள். வயிறு நிறையப் போட்டாள். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பதினாறு வயது. கயிற்றைக் கழற்றினால் விதவை. கழற்றாவிட்டால் வராத ஆளின் மனைவி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்தக் குரங்கு என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் மகளாக மட்டும் இருந்தால் அம்மா அடித்துத் திட்டி வெளியே விட்டிருப்பாள். தம்பி பெண்டாட்டியைக் காவல் காத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குப் பெண்கள் எடுத்தார்கள். நான் கேட்டேன். அவன் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்றாள். தம்பினிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். வாசலோடு திருப்பி அனுப்பினாள். அப்பா மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின்மேல் ஆத்திரம். மாமாவின்மேலும் ஆத்திரம். செத்தவர்மேல் கோபப்படுகிறோமே என்று என்மேலும்.

வருடா வருடம் ஆடிப்பெருக்கு. கயிறு மாற்றும் நாள். அம்மா புதுக் கயிற்றில் மஞ்சள் பூசிக் கொண்டுவருவாள். நான் குனிவேன். “மொதோ முடிச்சு அவனுக்காக” என்று ஒன்று. பிறகு தன்னுடைய இரண்டு. மாமா கத்திய வார்த்தை இருவர் காதிலும் இருக்கும். இருவரும் பேசமாட்டோம். எனக்கு அது குழிக்குள் இருந்ததுபோலவே இருக்கும்.

1956. அப்பா இறந்தார். கருமாதி அன்று பெண்கள் கூடி அம்மாவின் தாலியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் கை கழுத்துக்கே போனது. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். என் கழுத்தையும் பார்த்தாள்.

1957, ஆடி. ஊரெங்கும் மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையில் புதுக் கயிறு இல்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மூன்றாவது முடிச்சை அவிழ்த்தாள். நகம் என் கழுத்தில் பட்டது. இரண்டாவதையும் அவிழ்த்தாள். நிறுத்திவிட்டாள்.

“நான் போட்டது ரெண்டும் அவுத்துட்டேன். இது அவனோடது.”

நான் திரும்பவில்லை.

“மாமா அவுத்துடச் சொன்னாரும்மா. குழிக்குள்ளேருந்து எனக்குக் கேட்டுச்சு.”

ரோட்டில் ஒரு சைக்கிள் மணி.

“நான் கத்தாம இருந்திருக்கணும் பாப்பா.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு விரல் தானாக முதல் முடிச்சுக்கு நகர்ந்தது. கயிறு என் மடியில் விழுந்தது. அம்மா அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினான்கு வருடம் அடைத்து வைத்த ஒப்பாரி. பீபிக் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். யார் இறந்தது என்று மலாயில் கேட்டாள். என் தம்பி என்று அம்மாவும் மலாயிலேயே சொன்னாள். எப்போது என்று பீபிக் கேட்கவில்லை. தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்தாள். அம்மா அதை வாங்கி என் தலையில் வைத்தாள். விதவைக்குப் பூ வைக்கமாட்டார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு.

மெர்டேக்கா முடிந்த பிறகு ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தேன். குனியும்போதெல்லாம் கை கழுத்துக்குப் போகும், அம்மாவின் கையைப்போலவே.

போரில் எங்கள் வீடு இழந்ததைச் சொல்கிறேன். ஒரு சைக்கிள். ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு. என் இளம் வயது. அப்பாவுக்கு மைத்துனர் ஒருவர். அம்மாவுக்குத் தம்பி ஒருவர். எனக்குத் தாய்மாமன் ஒருவர், கணவர் ஒருவர். நால்வர். நால்வருக்கும் ஒரே பெயர். கோவிந்தன். வயது இருபத்தொன்று.